கரைவலைப் பாட்டில் ஒரு மூச்சு

ஈரத் தும்புக்கயிற்றுக்கு ஒரு மணம் உண்டு. ஊறிய தேங்காய் மட்டையும் உப்பும் காய்ந்த மீன்செதிலும் கலந்து, கொஞ்சம் புளித்து, கொஞ்சம் கருகி, மூக்கினடியில் வந்து குந்திக்கொண்டு எழும்ப மறுக்கிற மணம். அப்பா பழஞ்சோற்றைக் குழைத்து உருட்டி என் கையில் வைக்கும்போது சோற்றோடு அதுவும் வரும். சவர்க்காரம் போட்டாலும் போகாது, தேசிக்காய் தேய்த்தாலும் போகாது. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் படிந்து, கரைவலைக்காரர் கயிறு எடுத்துவிட்டார்கள் என்பதைத் திருகோணமலைக் கரையில் சல்லி என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதலில் அறிவித்தது கலண்டர் அல்ல, அப்பாவின் உள்ளங்கைதான்.

அப்பா ஒரு வலைக்கு “மன்றாடி”யாக இருந்தார். வலையைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வருவார்கள். அதன் இரண்டு நுனிகளிலும் கட்டிய கயிறுகள் கரையில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகக் கிடக்கும். இரண்டுக்கும் இடையில் நானூறு அடி தூரம் இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். ஒவ்வொரு கயிற்றிலும் இருபது பேர். நடுவில், முழங்கால் தண்ணீரில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, மிதப்புகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கத்துக்கும் கைகாட்டுகிற ஆள்தான் மன்றாடி. ஆனால் காற்றிலும் வெயிலிலும் இருபது பேர் ஒரு கையைப் பார்த்துக்கொண்டே இழுக்க ஏலாது. அவர்களை ஒன்றாக வைத்திருந்தது “அம்பா”. வடக்குக் கயிற்றில் ஒருவர் ஓரடி எடுத்துக் கொடுப்பார், தெற்குக் கயிறு ஏலேலோ என்று வாங்கும். பாட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய் வருகிற வரைக்கும் வலையும் நேராக வரும்.

அந்தப் பாட்டில் சாமியும் இருந்தது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வயிறும் இருந்தது. கரையால் நடந்து போகிற எவரும் அதற்குள் விழாமல் தப்ப முடியாது. வடக்குக் கயிற்றின் தலைப்பாட்டுக்காரர் சின்னராசா மாமா. குச்சவெளி பஸ்ஸுக்கு ஓடுகிறவரின் ஓட்டத்தைப் பாடுவார், மீன் வாங்கக் கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வந்து பெட்டியின்மேல் இருந்தபடி தூங்கிப்போன, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரியின் குறட்டையைப் பாடுவார். அடிகளை யாரும் மனப்பாடம் செய்ததில்லை. மனப்பாடமாக இருந்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கரையை அடித்த அலை திரும்பிப் போகும்போது வலையையும் தன்னோடு பிடித்து இழுக்கும். அந்த நேரம் மனிதர் எதிர்த்து இழுத்தால் வலையின் அடிக்கயிறு மணலை விட்டுக் கிளம்பும். கிளம்பினால் அந்த இடைவெளியால் மீன் போய்விடும். ஆகவே அலை திரும்பும்போது பாட்டு நிற்கும். குதிகாலை மணலில் புதைத்து, கயிற்றை விட்டுக்கொடுக்காமல், இழுக்காமலும், நாற்பது பேர் சும்மா நிற்பார்கள். அடுத்த அலை வலையைத் தூக்கிக்கொண்டு வரும்; அப்போது அடி தொடங்கும். இந்த நிற்றலுக்கு எங்கள் பக்கத்தில் “ஆறல்” என்று பெயர். ஒரு ஆறல் மூன்று மூச்சு, அடுத்தது ஏழு மூச்சு, கச்சான் காற்று அடிக்கிற நாளில் இன்னும் கூட. அதற்கு அளவு கிடையாது, அலைதான் அளவு. கயிற்றைப் பெண்கள் கடக்கக்கூடாது என்று இருந்ததால் நான் தள்ளி, கவிழ்த்த தோணியின் நிழலில் இருந்து, இதையெல்லாம் வருடக்கணக்காகக் கேட்டேன். கேட்டேன் என்றா சொல்கிறேன். பாட்டைக் கேட்டேன், பாட்டில்லாத இடத்தைக் கேட்கவில்லை.

எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது எங்கள் பாடசாலைக்குச் சங்கீத ரீச்சர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் திலகவதி. வீணை வாசித்த விரல்கள், வெள்ளைக்குடை, வெயிலைக் கண்டால் சுருங்குகிற முகம். பாடசாலைகளுக்கிடையிலான கிராமியப் பாடல் போட்டிக்கு ஊர்ப் பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் எழும்பி நின்று அம்பா பாடினேன். ரீச்சர் கொப்பியில் எழுதினார். மூன்றாவது அடிக்குப் பிறகு நான் அப்பாவின் ஆட்களைப் போலவே நின்றதும், என்ன பிள்ளை மறந்துபோச்சோ என்று அன்பாகக் கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. ஓம் ரீச்சர், என்றேன்.

அந்த ஒரு “ஓம்” என் பிள்ளைக்காலத்தில் நான் சொன்ன பெரிய பொய்.

ரீச்சர் அந்த வெற்றிடங்களை அடைத்தார். பாட்டு ஆதி தாளத்தில் எட்டு எட்டாகப் போய் உட்கார்ந்தது. சம்மாட்டியின் வயிறும் காக்காவின் குறட்டையும் போய், அந்த இடத்துக்குக் கடலன்னையும் முத்தும் பவளமும் வந்தன. மூன்று கிழமையில் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடினோம். என்ன சொல்ல, அழகாகத்தான் இருந்தது. எனக்குத் தலைக்கனமும் வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம், நீங்கள் எல்லாரும் தாளம் விடுறியள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அம்மாவைப் பார்த்து, வீட்டுக்குள்ளயே ஒரு மன்றாடி வளருது என்றார். அத்தோடு சரி.

அடுத்த சனிக்கிழமை குச்சவெளியில் ஒரு செத்தவீடு. வடக்குக் கயிற்று ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். சின்னராசா மாமா உட்பட எல்லாரும் விடியவே போய்விட்டார்கள். அப்பா அன்றைக்கு வலை விடுவதாக இல்லை. ஆனால் எட்டு மணிபோல் பறவைகள் தண்ணீரில் பாய்ந்து விழத் தொடங்கின. தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு நிழல் தெற்கிலிருந்து கரையை ஒட்டி நகர்ந்து வந்தது. பாரைக்குட்டி மீன்கூட்டம். அதற்கு முந்தைய இரண்டு கிழமையும் வலையின் மடியில் சூடை என்ற பொடிமீனும் சாதாளைப் பாசியும் தவிர ஒன்றும் வந்திருக்கவில்லை. நாற்பது வீடுகளில் அடுப்பு அரைகுறையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்பா கரையைச் சுற்றிப் பார்த்தார். வடக்குக் கயிற்றுக்கு ஆள் இல்லை. பாடசாலைப் பொடியன்கள் இருந்தார்கள், நாங்களும் இருந்தோம். கயிற்றைக் கடக்கக்கூடாத நாங்கள். இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் பாக்கேலாது, வந்து பிடியுங்கோ என்றார்.

அப்படித்தான் முதல்முதலாகக் கயிறு என் கைக்கு வந்தது. வடக்குக் கயிற்றின் முன்னுக்கு நின்று நான் பாட்டை எடுத்தேன். ரீச்சரின் பாட்டை. பிள்ளைகள் எல்லாருக்கும் அது பாடம். எட்டு எட்டாக இழுத்தோம், நிற்காமல் இழுத்தோம், உற்சாகமாக இழுத்தோம். தெற்கே பெரிய ஆட்கள் அலைக்கு நின்றபோது நாங்கள் நிற்கவில்லை. நடுவிலிருந்து அப்பா இரண்டு கையையும் விரித்து ஏதோ காட்டினார். எங்களை மெச்சுகிறார் என்று நினைத்து இன்னும் குரலை ஏற்றினேன். வடக்குப் பக்கம் முன்னால் வந்துவிட்டது. மிதப்புகள் சரிந்தன. பிறகு தண்ணீர் ஒருமுறை வெள்ளி வெள்ளியாகப் புரண்டது, அவ்வளவுதான். கரைக்கு வந்த மடியில் இரண்டு கூடை மீனும் கொஞ்சம் பாசியும் கிடந்தன. கிண்ணியாக் காக்கா பெட்டியைத் திரும்பச் சைக்கிளில் கட்டினார். தெற்குக் கயிற்றில் ஒருவர், பள்ளிக்கூடத்தில இதையோ படிப்பிக்கினம் என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மணலில் எனக்குப் பக்கத்தில் இருந்து, தோல் உரிந்திருந்த என் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் பாடினனீ பிள்ளை,” என்றார். “ஆனா ஆறலை எங்க கொண்டுபோய் வைச்சனீ?”

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நாற்பது வீடுகளின் மீனை நான் பாடி விரட்டிவிட்டேன் என்ற நினைப்பு என்னைத் தூங்கவும் விடவில்லை. திங்கட்கிழமை பாடசாலைக்குப் போய் ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: நான் மறக்கவில்லை, நின்றதும் பாட்டுத்தான், வெட்கத்தில் பொய் சொல்லிவிட்டேன், இப்போது மீன் போய்விட்டது. அழுகையில் எது முதல் எது பின் என்று இல்லாமல் சொன்னேன். ரீச்சர் கொப்பியை மூடினார். பிறகு, வலை எத்தனை மணிக்கு விடுவினம் என்று கேட்டார்.

சனிக்கிழமை அவர் கரைக்கு வந்தார். வெள்ளைக்குடை, மடிப்புக் கலையாத சேலை, கையில் செருப்பு. அப்பாவிடம், உங்கடை பாட்டைப் பிழையாப் படிப்பிச்சது நான்தான், எனக்குச் சரியாப் படிக்க வேணும் என்றார். அப்பா பதறிப்போய் ரீச்சருக்குக் கதிரை கொண்டு வரச் சொன்னார். சின்னராசா மாமாவுக்கு அந்தப் பதற்றம் இல்லை. அவர் கயிற்றில் நின்றபடியே எடுத்தார்:

“குடைபிடிச்சு வந்திருக்கு சங்கீத ரீச்சர்…”

ஏலேலோ, என்றது தெற்கு.

“குடையை விட்டுக் கயிறு பிடிச்சால் கொஞ்சம் விளங்கும்…”

கரை முழுக்கச் சிரித்தது. ரீச்சரின் முகம் சிவந்தது. குடையை மடித்து என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கதிரையைக் கடந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். அன்றைக்குப் பிறகு பெண்கள் கயிற்றைக் கடப்பதைப் பற்றி எங்கள் வலையில் யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. ரீச்சரிடமே கேட்க ஏலாததைப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது?

நான்கு சனிக்கிழமை இழுத்தார். வீணை விரல்களில் கொப்புளம் வந்து உடைந்தது. முதல் நாள் ஆறலில் அவருடைய உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் எண்ணவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொப்பியில் எட்டுக்களை எல்லாம் அடித்துவிட்டு, ஆறல் வரவேண்டிய இடங்களில் பென்சிலால் ஒரு வளைந்த கோடு மட்டும் போட்டார். போட்டிக்குப் பட்டினத்துக்குக் கயிற்றோடு போனோம். மேடையில் கடல் இல்லை என்பதால் எங்களுக்கு முன்னால், சபைக்கு முதுகைக் காட்டியபடி ரீச்சர் நின்று, மேலும் கீழுமாகத் தோளை அசைத்து அலையாக இருந்தார். அலை திரும்பியபோது நின்றோம். சபையில் யாரோ இருமினார்கள். முடிந்ததும் நடுவர் ஒருவர், பிள்ளைகள் இடையில் அடி மறந்து நின்றதால் புள்ளி குறைகிறது என்றார்.

“மறக்கேல்லை ஐயா,” என்றார் ரீச்சர். “அலை திரும்பிப் போனது.”

எங்களுக்குக் கடைசி இடம். திரும்பும் வழியில் ரீச்சர் எல்லாருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தந்தார். தோற்றவர்களுக்கு வாங்கித் தருவது போல அல்ல. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பிடிவாதம் எனக்குத் தொற்றிவிட்டது. அந்தக் காய்ச்சல் இன்றைக்கும் இறங்கவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பது எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் நடந்ததுதான். போர், ஊர்விட்டு ஊர், கூடாரம், கடலுக்குப் போகத் தடை, திரும்பி வரவு. நான் சங்கீதம் படித்து, ஆசிரியையாகி, எங்கெங்கோ படிப்பித்து, கடைசியில் உப்புவெளிக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊருக்குக் கிட்டவே ஒரு பாடசாலைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கரையில் கரைவலை இருந்தது. ஆனால் வடக்கே ஒரு உழவு இயந்திரம், தெற்கே ஒன்று. பின்னுக்குப் பூட்டிய “வின்ச்” உருளையில் நைலோன் கயிறு தானாகச் சுற்றுகிறது. நாற்பது பேர் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேர். இரண்டு இயந்திரக்காரரும் கைத்தொலைபேசியில், டேய் கொஞ்சம் நிப்பாட்டு, என்ரை முந்துது என்று கதைத்துக்கொள்கிறார்கள். இயந்திரத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. என் அப்பாவின் முதுகெலும்பு எப்படி வளைந்து போனது என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். அம்பா இப்போது எல்லாப் பாடசாலைக்கும் போய்விட்டது. எட்டு எட்டாக, கடலன்னையோடும் முத்தோடும், நிற்காமல். யாரும் நிற்பதற்குப் புள்ளி தருவதில்லை. அதனால் சனிக்கிழமைகளில் என் வகுப்பைக் கரைக்குக் கொண்டு போனேன். பழைய கயிறு ஒன்றை லொறி டயரில் கட்டி, டயரை அலையடிக்கும் இடத்தில் போட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்திப் பாடி இழுக்க வைத்தேன். டயர் நேராக வரவேண்டும், அதுதான் பரீட்சை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பாடித் தீர்த்தார்கள். என் மூக்குக்கண்ணாடியும் தப்பவில்லை. பெற்றோர் வந்து, ரீச்சர் உது சோதினைக்கு வருமோ என்று கேட்டார்கள். வராது என்றேன். சிலர் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். வடக்கு இயந்திரத்தை ஓட்டுகிற ரவி, அவருடைய மகள் தர்சிகா ஒன்பதாம் வகுப்பு, வெளிப்படையாகவே சொன்னார்: பிள்ளை வெயிலில டயர் இழுக்கிறதுக்கோ நான் பள்ளிக்கூடம் அனுப்புறது? ஆனாலும் தர்சிகா வந்தாள்.

பிறகு டீசல் இல்லாத மாதங்கள் வந்தன. எரிபொருள் வரிசையில் ஆட்கள் நாள் முழுக்க நின்றார்கள், இயந்திரங்கள் கரையில் சும்மா நின்றன. பொடியன்களுக்கு உடம்பு இருக்கிறதுதானே, கையால் இழுங்கோ என்றார் சம்மாட்டி. வேலையில்லாமல் நின்றவர்களும் சேர்ந்து இருபத்தைந்து பேரானார்கள்; உடம்பு இருந்தது. முதல் நாள் வலை சரிந்து வந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தெற்குப் பக்கம் கடலடிப் பாறைப் பாரில் மாட்டிக் கிழிந்தது. இன்னொரு நாள் இப்படி வந்தால் வலையைச் சுருட்டிக் கொட்டிலில் போட்டுவிட்டு, டீசல் வரும்வரை ஆட்களை அனுப்பிவிடுவேன் என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இருபத்தைந்து வீடுகள் அந்த வலையில் இருந்தன.

அன்று மாலை ரவி என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கிழிந்த வலையைப் பார்த்து, அலை திரும்பேக்க இழுக்கிறியள் அப்பா என்று தர்சிகா சொன்னாளாம், அவர் ஏசினாராம். ஏசிவிட்டுப் படுக்க முடியவில்லையாம்.

“பிள்ளையளை நாளைக்கு ஒருக்கா விடுங்கோ ரீச்சர்,” என்றார். “எங்களுக்குத் தெரியேல்லை.”

விடிந்ததும் பதினாலு பிள்ளைகளோடு போனேன். நான் பாடவில்லை; பாடக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் பாடினால் அது ரீச்சரின் பாட்டாகிவிடும். தர்சிகா வடக்குக் கயிற்றுக்கு முன்னால், அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும். தெற்கே இன்னொரு பிள்ளை. அவள் அடியை எடுத்தாள். சம்மாட்டியின் வயிற்றைத்தான் முதலில் பாடினாள், அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, நான் இல்லை. பெரியவர்கள் வெட்கப்பட்டு முணுமுணுப்பாக ஏலேலோ என்றார்கள். அலை திரும்பியது. அவள் நிறுத்தினாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்; ரவியின் கை பழக்கத்தில் இழுத்தது, கயிறு ஒரு முழம் முன்னால் வந்தது.

“அப்பா,” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். “பொறுங்கோ.”

அவர் பொறுத்தார். நானூறு அடிக்கு அப்பாலும் பொறுத்தார்கள். கரையில் அலையின் சத்தம் மட்டும் இருந்தது. நாலைந்து ஆறல் போனபிறகு எவரும் சிரிக்கவில்லை. எட்டாவதுக்குப் பிறகு குரல் ஏறியது. கடைசி நூறடியில் ரவியே ஒரு அடியை எடுத்து மகளின் வாயைப் பாடினார், அவள் கயிற்றை விடாமல் சிரித்தாள். வலை நேராக வந்தது. மடியில் பெரிய மீன் ஒன்றும் இல்லை, கீரி என்ற சின்னமீன்தான், ஆனால் இருபத்தைந்து வீட்டுக்குப் பங்கு வைக்கக் காணும். சம்மாட்டி வலையைச் சுருட்டவில்லை. டீசல் வரும்வரை, மூன்று மாதத்துக்குக் கிட்ட, அப்படித்தான் இழுத்தார்கள். கிழமை நாட்களில் பிள்ளைகள் இல்லாமலே இழுத்தார்கள்.

இப்போது டீசல் இருக்கிறது. இயந்திரங்கள் திரும்பிவிட்டன. தும்புக்கயிறு இல்லை, முழங்கால் தண்ணீரில் நின்று கைகாட்டுகிற மன்றாடி இல்லை, பஸ்ஸுக்கு ஓடுகிறவரைப் பாடி விழுத்துகிற குரல் இல்லை. மோட்டார்சைக்கிளில் போகிறவரைப் பாட நேரமும் கிடைக்காது. போன கிழமை விடியற்புறம் கரையால் நடந்தபோது ரவி இயந்திரத்தின்மேல் இருந்தார். அலை திரும்பியது. அவருடைய கால் கிளச்சை மிதித்தது, உருளை நின்றது, அவர் உதடு மூடியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அலை வலையைத் தூக்கியதும் காலை எடுத்தார். தெற்கிலும் அதே நேரம் நின்றது, அதே நேரம் ஓடியது. தொலைபேசி அவருடைய சட்டைப் பையில் கிடந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது எனக்குக் காணாது. வாய் மூடிய பாட்டு ஒரு தலைமுறைக்குமேல் போகாது. ரவியின் கால் அவரோடு ஓய்வெடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த வருடம் ஆறாம் வகுப்பிலிருந்தே சேர்க்கிறேன். முப்பத்தொரு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். ஒரு டயர் போதாது, இரண்டாவது டயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.